ஐந்து ஏக்கரில் கடையும் குடியிருப்பும்: வடிகால், போக்குவரத்து பற்றித் திருகோணமலையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பிளான் கீறுவது என் தொழில். கடைகள், மாடிவீடுகள், அலுவலகங்கள் எல்லாம் ஒரே வளவுக்குள் வரும் பெரிய திட்டம் ஒன்று பற்றிப் பேச்சு அடிபட்டால், முதலில் காணிக்காரர் வருவார். இரண்டு கிழமை கழித்துப் பக்கத்து வளவுக்காரர் வருவார். ஒருவருக்கு ஆசை, மற்றவருக்குப் பயம். ஆனால் கேட்கும் கேள்விகள் கிட்டத்தட்ட ஒன்றுதான்.

கணக்குக் காட்ட ஒரு காணி வேண்டும். நிலாவெளி வீதியில், அலஸ்தோட்டம் தாண்டி, வீதியின் மேற்குப் பக்கம் ஐந்து ஏக்கர் மணற்காணி ஒன்றைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். முன்னால் வீதி, வீதிக்கு அப்பால் கடற்கரை, பின்னால் களப்பை நோக்கிச் சரியும் பள்ளம். காணிதான் கற்பனை, கேள்விகள் உண்மையானவை.

வடிகால் ஒரு விஷயம், போக்குவரத்து இன்னொரு விஷயம். ஏன் இரண்டையும் சேர்த்துப் பேசுகிறீர்கள்?

தண்ணீர் எங்கே போகும் என்பதை எங்கள் ஊரில் வீதியின் உயரம்தான் தீர்மானிக்கிறது. இது தரை தட்டையான ஊர். அரை அடி உயர்த்திப் போட்ட தார் வீதி ஒரு அணைக்கட்டு மாதிரி.

எங்கள் ஒழுங்கையில் ஓர் அக்காவின் சமையலறைக்குள் இரண்டு மாரியாகத் தண்ணீர் வந்தது. பார்க்கப் போனபோது மேசன் ஒருவரையும் கூட்டிக்கொண்டு போனேன். அவர் கொண்டுவந்தது தண்ணீர் நிரப்பிய நீளமான கண்ணாடி டியூப், அவ்வளவுதான். குமிழி போகும்வரை டியூப்பைத் தட்டினார். ஒரு முனையை நான் வீதியின் நடுவில் பிடித்தேன், மறு முனையை அவர் கேற் தூணோடு பிடித்து, தண்ணீர் நின்ற இடத்தில் பென்சிலால் கோடு போட்டார். அளந்து கழித்துப் பார்த்தால், வீதியின் நடு, முற்றத்தை விடப் பதினான்கு அங்குலம் உயரம். பழைய தாரைச் சுரண்டாமல் மேலே மேலே போட்டதன் பலன். “நான் கலியாணம் முடிச்சு வந்த காலத்தில ரெண்டு படி இறங்கித்தான் தம்பி றோட்டுக்குப் போறனான்” என்றார் அக்கா. இப்போது ஏறிப் போகிறார்.

அதே கதை ஐந்து ஏக்கரில் நடந்தால் ஒரு சமையலறையோடு நிற்காது. உள்வீதி, வாகனத் தரிப்பிடம், வாசல் ஆகியவற்றின் மட்டங்களை முடிவு செய்யும்போதே தண்ணீரின் பாதையும் முடிவாகிவிடும். பிறகு கானை எங்கே வெட்டினாலும் அது சமாதானத்துக்குத்தான்.

மணற்காணிதானே? தண்ணீர் தானாக உறிஞ்சிப் போகாதா?

ஆவணியில் போய்ப் பார்த்தால் அப்படித்தான் தோன்றும். ஒரு வாளி தண்ணீர் ஊற்றினால் கண்முன்னே காணாமல் போகும். காணி விற்பவர்கள் வெயில் காலத்தில் காட்டுவதற்குக் காரணம் இல்லாமல் இல்லை.

திருகோணமலைக்கு வருடத்தில் 1,500 முதல் 1,600 மில்லிமீற்றர் வரை மழை. அதில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு ஒக்டோபர் முதல் ஜனவரி வரையான நான்கு மாதங்களில் விழுந்துவிடும். நவம்பருக்கும் டிசம்பருக்கும் சராசரியே தலா 300 மில்லிமீற்றருக்கு மேல். முதல் மழைகளை மணல் குடிக்கும். பிறகு நிலத்தடி நீர் மேலே வந்து நிற்கும்போது குடிக்க இடம் இருக்காது. இதை அறிய ஆய்வுகூடம் தேவையில்லை. மார்கழியில் பக்கத்து வளவுக் கிணற்றை எட்டிப் பாருங்கள். கயிறில்லாமல் கையால் கோலக்கூடிய உயரத்தில் தண்ணீர் நின்றால், அந்த நிலத்தில் தோண்டும் உறிஞ்சு குழி அந்த மாதத்தில் தண்ணீர் நிற்கும் இன்னொரு கிணறுதான்.

ஆகவே பிளானுக்கு எடுக்க வேண்டிய நீர்மட்டம் மாரிக்கால நீர்மட்டம். ஒரு மாரியாவது காத்திருந்து அளக்கச் சொன்னால் காணிக்காரர் முகம் சுருங்கும். பரவாயில்லை.

கட்டடம் வந்தால் எவ்வளவு தண்ணீர் கூடும்?

இதற்கு எல்லாப் பொறியியலாளரும் முதலில் போடும் கணக்கு ஒன்றுதான்: வழிந்தோடும் பங்கு, மழையின் வேகம், காணியின் பரப்பு மூன்றையும் பெருக்குவது. பற்றைக்காடாகக் கிடக்கும் மணற்காணியில் விழும் மழையில் கால் பங்கு வழிந்தோடும் என்று வைப்போம். கூரை, கொங்கிறீற், இன்ரர்லொக் கல் எல்லாம் வந்தபின் ஐந்தில் நான்கு பங்கு வழிந்தோடும்.

ஐந்து ஏக்கர் என்பது ஏறத்தாழ இரண்டு ஹெக்டெயர். மணிக்கு 100 மில்லிமீற்றர் வேகத்தில் பெய்தால், வெறும் காணியிலிருந்து செக்கனுக்கு 140 லீற்றர் அளவில் வெளியேறும். கட்டியபின் அதே மழைக்கு ஏறத்தாழ 450 லீற்றர். வித்தியாசம் 310 லீற்றர். அந்த வேகம் ஒரு மணித்தியாலம் நீடித்தால் கூடுதலாக வருவது 1,100 கனமீற்றர், அதாவது 10,000 லீற்றர் பிடிக்கும் பவுசர்கள் 110. அவ்வளவையும் பக்கத்து வளவில் கொட்டிவிட்டுப் போவதை யாராவது சகிப்பார்களா? மதிலுக்குக் கீழே இரண்டு ஓட்டை வைத்து விடும்போது நடப்பது அதுதான்.

சிறிய அளவில் மனக்கணக்குக்கு: ஒரு பேர்ச் (ஏறத்தாழ 25 சதுர மீற்றர்) நிலத்தில் 100 மில்லிமீற்றர் மழை விழுந்தால் 2,500 லீற்றர். மொட்டைமாடியில் வைக்கும் 1,000 லீற்றர் தாங்கி இரண்டரை.

மணிக்கு 100 மில்லிமீற்றர் என்பது கணக்குக் காட்ட எடுத்த எண். உண்மையான வடிவமைப்புக்கு வளிமண்டலவியல் திணைக்களத்தின் பதிவுகளிலிருந்து, எத்தனை வருடத்துக்கு ஒருமுறை வரும் மழைக்குக் கட்டுகிறோம் என்று தீர்மானித்து எடுக்க வேண்டும். 2020 டிசம்பர் 2 இரவு புரெவிப் புயல் எங்கள் மாவட்டத்தின் வடக்குக் கரையில்தான் ஏறியது. அப்படியான இரவுக்குக் கான் நிரம்பத்தான் செய்யும். நிரம்பியபின் தண்ணீர் எந்த வழியால் போகும் என்பதையும் பிளானில் கீற வேண்டும். கான் எங்கே இருக்கிறது என்று எல்லாரும் காட்டுகிறார்கள், கான் நிரம்பினால் எங்கே என்று கேட்டால் பலரிடம் பதில் இருப்பதில்லை.

அந்த 1,100 கனமீற்றரை எங்கே வைத்திருப்பது?

ஒரு மீற்றர் ஆழத்தில் தேக்கினால் 43 பேர்ச் வேண்டும். விற்கும் விலையை நினைத்து எல்லாரும் இங்கேதான் பெருமூச்சு விடுவார்கள். ஆனால் முன்னே சொன்ன கிணற்றை மறக்கக் கூடாது. மார்கழியில் நிலத்தடி நீர் ஒரு மீற்றருக்குள் வந்துவிட்டால், ஒரு மீற்றர் குழி மழைக்கு முன்பே நிரம்பிக் கிடக்கும். அரை மீற்றர் ஆழமாக, இரட்டிப்பு அகலமாக, 87 பேர்ச்சில் செய்வதுதான் எங்கள் மண்ணுக்குச் சரி.

இது முழுதும் வீண்போகும் நிலம் என்று நினைக்காதீர்கள். பிள்ளைகள் விளையாடும் திடலை அரை மீற்றர் தாழ்த்திப் போடலாம். வாகனத் தரிப்பிடத்தின் ஒரு பகுதியைத் தாழ்த்தலாம். வருடத்தில் சில நாட்கள் அதில் தண்ணீர் நிற்கும், மற்ற நாட்களில் பந்தடிக்கலாம். வெளியேறும் வாயைச் சிறிதாக வைத்தால், பழைய காணியிலிருந்து போன 140 லீற்றர்தான் இப்போதும் வெளியே போகும். எனக்குத் தெரிந்து இதைவிட மலிவான வழி இல்லை.

ஏன் இவ்வளவு பாடு? வீதிக்கு அந்தப் பக்கம் கடல். ஒரு ஹியூம் பைப்பை, அதாவது கொங்கிறீற் குழாயை, வைத்து விட்டால் போச்சு.

எல்லாருக்கும் வரும் யோசனை. மூன்று தடைகள் உண்டு.

ஒன்று சரிவு. எங்கள் கடலில் ஏற்ற இறக்கம் ஒரு மீற்றருக்கும் குறைவு, அது நல்லது. ஆனால் 500க்கு ஒன்று என்ற மிக மெல்லிய சரிவில் குழாய் போட்டாலும் நூறு மீற்றருக்கு 20 சென்ரிமீற்றர் இறங்க வேண்டும். வீதிக்குக் கீழே போய்க் கரைக்கு வரும்போது குழாயின் வாய் மணலுக்குள் போய்விடும்.

இரண்டு, மணல். வாடைக்காற்றுக் காலத்து அலை ஒரே இரவில் குழாய் வாயை மூடும். களப்பு முகத்துவாரங்களையே அது மூடுகிறது, மழை கூடினால் ஊரவர் போய் வெட்டி விடுகிறார்கள். இரண்டடிக் குழாய் எம்மாத்திரம்!

மூன்று, அந்தக் கரை சும்மா கிடக்கும் இடமல்ல. கரைவலை இழுக்கும் பாடு உண்டு, உல்லாசப் பயணிகள் குளிக்கிறார்கள், வடக்கே நிலாவெளிக்கு முன்னால் புறாத்தீவின் பவளப்பாறைகள் 2003 முதல் தேசிய பூங்கா. சேற்றுத் தண்ணீர் பவளத்துக்கு விஷம் மாதிரி. அனுமதியும் வேண்டும், அதைக் கீழே சொல்கிறேன்.

பின்பக்கப் பள்ளத்தைக் கிரவல் போட்டு நிரப்பிவிட்டால்?

பள்ளம் இப்போது செய்துகொண்டிருக்கும் வேலையை யார் செய்வது? அங்கே நிற்கும் தண்ணீர் அடுத்த பள்ளத்துக்குப் போகும், அதாவது இன்னொருவர் முற்றத்துக்கு. சட்டமும் சும்மா விடாது. வயலாகப் பதிவான காணி என்றால் 2000ஆம் ஆண்டின் 46ஆம் இலக்கக் கமநல அபிவிருத்திச் சட்டத்தின்படி அனுமதி இல்லாமல் நிரப்ப முடியாது. ஈரநிலத்தில் நான்கு ஹெக்டெயருக்கு மேல் நிரப்புவதானால் சுற்றாடல் தாக்க மதிப்பீடு வேண்டும். எங்கள் ஐந்து ஏக்கர் அந்த அளவை எட்டாது என்பதற்காகத் துணிய வேண்டாம். சிறிய சிறிய நிரப்பல்கள் பத்து சேர்ந்துதான் ஊர் முங்குகிறது.

கழிவுநீரையும் அதே கானில் விடலாமா?

கூடாது. ஊரில் பெரும்பாலும் மலக்குழிகள்தான். மாடிவீட்டுத் தொகுதிக்கும் உணவுக்கடைகளுக்கும் சேர்த்து அது போதாது, தனியான சுத்திகரிப்பு ஏற்பாடு வேண்டும். உயர்ந்து நிற்கும் நிலத்தடி நீரும் மலக்குழியும் சந்தித்தால் அயலிலுள்ள குடிகிணறுகள் கெடும். மலக்குழியை உறிஞ்ச வரும் கலி பவுசர் உள்ளே வந்து திரும்ப இடம் விடவும் மறக்க வேண்டாம்.

நுளம்பு பெருகாதா?

திறந்த நீர் இரண்டு நாளில் வடிந்துவிட்டால் பயமில்லை. குடம்பி நுளம்பாக ஒரு கிழமை அளவில் எடுக்கும். ஆபத்து, சரிவு பிழைத்த கான்களில் நிரந்தரமாக நிற்கும் நாலு அங்குலத் தண்ணீரிலும், அதில் கிடக்கும் யோகட் கோப்பைகளிலும்தான். 2017இல் கிண்ணியாவிலும் திருகோணமலையிலும் டெங்கு பட்ட பாட்டை மறந்தவர் இருக்க முடியாது. கான் கட்டி முடிந்ததும் ஒரு பவுசர் தண்ணீரை மேல்முனையில் விட்டுப் பாருங்கள். எங்கே நிற்கிறதோ அங்கே கொத்திச் சரிசெய்த பிறகுதான் கொந்தராத்துக்காரருக்குக் கடைசிக் காசு.

சரி, வாகனங்களுக்கு வருவோம். எத்தனை வரும் என்று எப்படிச் சொல்வது?

இப்போது வீதியில் ஓடுவதை எண்ணுவதில் தொடங்க வேண்டும். ஒரு கொப்பி, ஒரு பேனை, இரண்டு பேர். மோட்டார் சைக்கிள், ஆட்டோ, கார்-வான், பஸ், லொறி, சைக்கிள் என்று நிரல்கள் கீறி, கால் மணித்தியாலத்துக்கு ஒரு வரிசை. நாலு கோடு, குறுக்கே ஒன்று. பாடசாலை தொடங்கும் நேரம், விடும் நேரம், மாலை நேரம் ஆகிய மூன்றும் கட்டாயம்.

எந்த மாதத்தில் எண்ணுகிறோம் என்பதிலும் ஊர் ஞானம் வேண்டும். நிலாவெளி வீதி சித்திரை முதல் புரட்டாதி வரை உல்லாசப் பயணிகளால் நிரம்பும், மாரியில் காற்று வாங்கும். நவம்பரில் எண்ணிவிட்டு “வீதி காலி” என்று அறிக்கை எழுதினால் அது ஏமாற்று. நகருக்குள் என்றால் கோணேசர் நகர்வலம் வரும் நாட்களும் கணக்கில் வரும்.

அதன் பிறகு, இந்தக் கட்டடம் கூட்டப்போகும் வாகனங்கள். கடையும் வீடும் ஒரே வளவில் வரும் கலப்புப் பயன்பாட்டின் நன்மை இங்கேதான். மேல்மாடியில் இருப்பவர் கீழே இறங்கிப் பாண் வாங்கினால் அது வீதிக்கு வராத பயணம். ஆனால் அந்தச் சாக்கில் எண்ணிக்கையைப் பாதியாக வெட்டும் ஆலோசகர்களையும் கண்டிருக்கிறேன். கீழே இருப்பது பலசரக்குக் கடையா, நகைக்கடையா என்று கேளுங்கள். நகைக்கடைக்கு யாரும் செருப்போடு இறங்கித் தினமும் போவதில்லை.

ஊருக்குள் வரும் வீதிகள் தாங்குமா?

கண்டி வீதியான ஏ6, அனுராதபுரம் பக்கமிருந்து ஏ12, மட்டக்களப்பிலிருந்து ஏ15 என மூன்று பெருவீதிகள் இங்கே வருகின்றன. கிண்ணியாவில் ‘பாதை’ (வாகனங்களை ஏற்றித் தண்ணீரைக் கடக்கும் மிதவை) ஓடிய காலத்தில் தெற்கிலிருந்து வரும் வாகனங்களை அந்தத் துறையே மட்டுப்படுத்தி வைத்திருந்தது. 2009 ஒக்டோபரில் 396 மீற்றர் பாலம் திறந்தபின் அந்தத் தடை இல்லை. நல்ல காரியம்தான், ஆனால் அந்த வாகனங்களில் நகருக்கு வருபவை பழைய அகல வீதிகளுக்குள்தான் நுழைகின்றன. பெரிய திட்டத்தின் போக்குவரத்து ஆய்வு தன் வாசலோடு நில்லாமல் இரண்டு மூன்று சந்திகளுக்கு அப்பாலும் பார்க்க வேண்டும்.

வாசலை எங்கே வைப்பது?

நாங்கள் இடப்பக்கம் ஓடுகிறவர்கள். எங்கள் காணி நிலாவெளி வீதியின் மேற்கில். நகரிலிருந்து வருபவர் இடப்பக்கம் திரும்பி நேரே உள்ளே போய்விடுவார், பிரச்சினையில்லை. காலையில் நகருக்குப் புறப்படுபவரோ வலப்பக்கம் திரும்ப, இரு திசை வாகனங்களையும் வெட்டிக்கொண்டு வெளியே வர வேண்டும். பாடசாலை நேரத்தில் இது நடக்கப்போகும் இடத்தைப் பிளானில் விரல் வைத்துக் காட்டச் சொல்லுங்கள்.

இன்னொன்று காவலாளியின் கேற். ஒரு வாகனத்தை நிறுத்தி, இலக்கம் எழுதி விட 20 செக்கன் என்றால் நிமிடத்துக்கு மூன்று. நிமிடத்துக்கு நான்கு வந்தால் பத்து நிமிடத்தில் பத்து வாகனம் பின்னால் நிற்கும். ஒவ்வொன்றுக்கும் ஆறு மீற்றர் என்றால் 60 மீற்றர் வரிசை. கேற்றை வீதி ஓரத்தில் வைத்தால் அந்த 60 மீற்றரும் நிலாவெளி வீதியில். உள்ளே தள்ளி வைத்தால் உங்கள் வளவில். செலவு ஒன்றுதான்.

வாசலில்தான் தண்ணீரும் வாகனமும் நேருக்கு நேர் சந்திக்கும். வீதியோரக் கான் வாசலைக் கடக்கும் இடத்தில் பலர் ஒடுங்கிய குழாய் ஒன்றைப் போட்டு மேலே கொங்கிறீற் ஊற்றிவிடுவார்கள். முழு வீதியின் கானும் அந்த ஒரு குழாயில் அடைபடும். கானின் முழு அகலத்துக்கும் பெட்டி மதகு, மேலே கழற்றக்கூடிய மூடி.

தரிப்பிடம் எத்தனை வேண்டும்?

கார், வான், மோட்டார் சைக்கிள் எண்ணிக்கைகளை நகர அபிவிருத்தி அதிகார சபையின் விதிகள் சொல்லும். ஆட்டோவுக்கு ஓரிடமும், சாமான் லொறி பின்வாங்காமல் திரும்ப ஓரிடமும் நீங்களே நினைத்து விட வேண்டும். விடாவிட்டால் இரண்டும் வீதியில்தான் நிற்கும். அலுவலகம் பகலில், குடியிருப்பு இரவில் என்பதால் ஒரே இடத்தை இருவரும் பாவிக்கலாம். நிலத்தடித் தரிப்பிடம் என்று யாராவது ஆரம்பித்தால் மறுபடி அந்தக் கிணற்றுக்கு அழைத்துப் போங்கள்.

பஸ் தரிப்பிடத்தை வீதியிலிருந்து உள்வாங்கிப் போடுவதும், அதிலிருந்து கடைவரை நிழலோடு ஒரு நடைபாதையும் நான் வற்புறுத்துபவை. பிளானில் இவை எப்போதும் அழகாக இருக்கும், செலவு கூடியதும் முதலில் வெட்டுப்படுவதும் இவைதான்.

எங்கெங்கே அனுமதி எடுக்க வேண்டும்?

காணி வாங்கும் முன்பே பூர்வாங்கத் திட்டமிடல் அனுமதி கேளுங்கள். நகர அபிவிருத்தி அதிகார சபையும் உள்ளூராட்சி சபையும் அதற்குப் பொறுப்பு. ஏ, பி தர வீதியில் வாசல் என்றால் வீதி அபிவிருத்தி அதிகார சபை. கடலின் சராசரி உயர்நீர்க் கோட்டிலிருந்து 300 மீற்றருக்குள் இருந்தால் 1981ஆம் ஆண்டின் 57ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் கரையோரம் பேணல் திணைக்களம். வீதிக்கு மேற்கே இருக்கிறோம், கடற்காணி இல்லை என்று நினைத்தவர்கள் பலர் இந்த 300 மீற்றரில் மாட்டியிருக்கிறார்கள். ஆயிரத்துக்கு மேற்பட்ட வீடுகள், 99க்கு மேற்பட்ட அறைகள் கொண்ட விடுதி போன்றவற்றுக்குச் சுற்றாடல் தாக்க மதிப்பீடு. எங்கள் ஊரில் தொல்பொருள் திணைக்களத்தையும் ஆரம்பத்திலேயே கேட்டுவிடுவது மேல்.

நான் பக்கத்து வளவுக்காரன். என்னால் என்ன செய்ய முடியும்?

கட்டி முடிந்தபின் சண்டை பிடிப்பதைவிட, பிளான் கடதாசியில் இருக்கும்போது கேட்பது பயன் தரும். சுற்றாடல் தாக்க மதிப்பீடு தேவைப்படும் திட்டமென்றால் அறிக்கையைப் பொதுமக்கள் பார்வைக்கு வைத்து, கருத்துச் சொல்ல 30 நாள் கொடுக்க வேண்டும். மற்றவற்றுக்கு 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. அரச அலுவலகத்தில் உள்ள வடிகால் பிளானின் பிரதியைக் கேட்டு எழுதலாம், 14 வேலைநாட்களுக்குள் தகவல் அலுவலர் முடிவு சொல்ல வேண்டும்.

எங்கள் பொதுச்சட்டத்தின்படி மேட்டுக்காணியிலிருந்து இயல்பாக ஓடிவரும் தண்ணீரைப் பள்ளக்காணி ஏற்கத்தான் வேண்டும். ஆனால் மேட்டுக்காணிக்காரர் அதைச் செயற்கையாகக் கூட்டியோ ஓரிடத்தில் குவித்தோ உங்கள் பக்கம் தள்ள முடியாது. சட்டத்தரணியிடம் போகும்போது கையில் ஆதாரம் வேண்டுமல்லவா? ஆகவே கட்டடம் வரும் முன்பே, வரும் மாரியில், உங்கள் மதிலில் தண்ணீர் ஏறிய உயரத்தைப் பெயின்ரால் கோடு போட்டுத் திகதி எழுதிப் படம் எடுத்து வையுங்கள்.

வேலையை எப்போது தொடங்குவது?

மண்வேலை மாசி பங்குனியில். கானும் தேக்கமும் முதலில், அத்திவாரம் பிறகு. வெட்டிய மண் குவியலோடு ஐப்பசி மழையைச் சந்தித்தால் முழு மண்ணும் ஊர்க் கான்களுக்குள் போகும். கிரவல் டிப்பர்களைப் பாடசாலை நேரத்தில் ஓடவிடுவதில்லை என்று ஒப்பந்தத்திலேயே எழுதுங்கள்.

எல்லாம் முடிந்தபின் கானை யார் துப்புரவாக்குவது?

வீடுகளையும் கடைகளையும் விற்று முடிந்ததும் கட்டியவர் போய்விடுவார். உள்கான்களும் தேக்கமும் யாருடைய பொறுப்பு, மாதாந்தப் பராமரிப்புக் காசில் எவ்வளவு அதற்கு என்பது விற்பனை உறுதிப் பத்திரத்திலேயே இருக்க வேண்டும். வருடத்தில் ஒரு தடவை, புரட்டாதி முடிவதற்குள், முழுக் கானும் திறந்து வாரப்பட வேண்டும்.

இங்கே ஒரு சின்ன விஷயம் எல்லாவற்றையும் கெடுக்கும்: மூடி. மூன்றடிக்கு இரண்டடி, நாலு அங்குலத் தடிப்பில் வார்த்த சிலாப் 130 கிலோவுக்குக் குறையாது. அதைத் தூக்க நாலு பேரும் அலவாங்கும் வேண்டும், ஆகவே யாரும் தூக்க மாட்டார்கள். இரண்டடிக்கு ஒரு அடி, மூன்று அங்குலத் தடிப்பு என்றால் ஏறக்குறைய 32 கிலோ. கைபிடிக்க இரண்டு ஓட்டை விட்டு வார்த்தால் ஒரு ஆள் மண்வெட்டியோடு வந்து காலையிலேயே பத்து மீற்றர் வாரிவிடுவார். வாகனம் ஏறும் வாசலில் மட்டும் கம்பி கூடிய பாரமான சிலாப்பும் இரும்புக் கொளுக்கியும் போடுங்கள்.